ஒரு வயலின் அதிகம்

இரண்டாம் வயலின் வரிசைக்குப் பின்னால் யாரோ பிந்தி வாசிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒத்திகை. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டப்போவது உறுதியாகிவிட்ட காலம் அது. சுதந்திரம் வந்த கையோடு அதே மண்டபத்தில் ஓர் இசை மாலை வைக்க ஊர்ப் பெரியவர்கள் முடிவுசெய்து எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்டிருந்தார்கள். நான் அதன் இசைநடத்துநர். வாசிப்பவர்களுக்கு முன்னால் நின்று குச்சியை ஆட்டுகிற ஆள் என்றால் இன்னும் எளிதாகப் புரியும். ஒரு வாத்தியத்தையும் தொடாமலே கைதட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று என் மைத்துனர் கல்யாண வீடுகளில் சொல்லித் திரிவார்.

பழைய மலாய் மெட்டு ஒன்றை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஏற்றபடி நானே எழுதி அமைத்திருந்தேன். அதன் மெதுவான பகுதியின் நடுவில் கையை நிறுத்தினேன். எல்லாரும் நின்றார்கள். ஒரு வயலின் மட்டும் தன் வரியை நிதானமாக முடித்துவிட்டு ஓய்ந்தது.

"யாரு அது?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். "கையைப் பாக்காம எங்க பாத்துக்கிட்டு வாசிக்கிறீங்க?"

நான் பின்வரிசையின் மூலையைச் சுட்டிக் காட்டினேன். முதல் வயலின் ரெத்னம் திரும்பிப் பார்த்தார். அவர் மலாக்காச் செட்டி சமூகத்தவர். பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். அவர் அந்த மூலையை நன்றாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தாக் அடா ஓராங், மாஸ்டர்," என்றார்.

அங்கே ஆள் இல்லை என்றார். உண்மையிலேயே இல்லை. மூலையில் சாத்திய சன்னல் ஒன்றும், அதன் கீழே மடக்கி வைத்த பெஞ்சுகளும் இருந்தன.

மண்டபத்தின் எதிரொலி என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் அது வந்தது. அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தது.

இதை நான் எழுதுவது, காசநோய்க்கு நெடுங்காலம் ஊசி போட்டுக்கொண்டு, இப்போது காதில் ஏதோ கேட்கத் தொடங்கி, அதை வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பவர்களுக்காக. எனக்கு அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயம் பாதியாகியிருக்கும். மீதிப் பாதி எப்படியும் இருந்திருக்கும்.

நோய் தொடங்கியது நுரையீரலில். ஒருநாள் கொம்பு வாத்தியக்காரர்களுக்கு ஒரு வரியைப் பாடிக் காட்டப் போனேன். பாதி வரியில் மூச்சு தீர்ந்துவிட்டது. வயதாகிறது என்று சிரித்துச் சமாளித்தேன். பிறகு மாலைக் காய்ச்சல் வந்தது. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று ஆனது. என் மனைவி பிலோமினா என்னை இழுக்காத குறையாக மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். எக்ஸ்ரே (உடம்பின் உட்புறத்தைக் காட்டும் படம்) எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஓட்டை விழுந்திருந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தவர்கள் பலருக்கு இந்த நோய் பிறகு தலைகாட்டியது என்று டாக்டர் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. கெட்ட சேதியையும் நல்ல சேதியையும் ஒரே குரலில்தான் சொல்வார். அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வார்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தேன். ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) இடுப்புக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. கூடவே பாஸ் என்ற கசப்புத் தூள். அதைக் குடித்தால் வயிறு வாய்க்கு வந்துவிடும். எங்கள் காலத்துக்கு முன்னால் இந்த வார்டுக்குள் நடந்து வந்தவர்களில் நிறையப் பேர் நடந்து வெளியே போனதில்லை. ஆகவே ஊசி வலிக்கிறது என்று யாரும் முனகவில்லை. அந்த மருந்தைக் கும்பிட்டோம் என்றே சொல்லலாம். நானும் கும்பிட்டேன்.

சளிப் பரிசோதனையில் (சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) கிருமி இல்லை என்று ஆனதும் வீட்டுக்கு விட்டார்கள். ஊசி மட்டும் தொடர வேண்டும். அதற்காக மருத்துவமனைக்கு வந்து போக வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் திரும்பினேன். முதல் வாரம் நாற்காலிகள் என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போடப்பட்டிருந்தன. என் தேநீர்க் கோப்பையின் கைப்பிடியில் யாரோ ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்திருந்தார்கள். நான் கண்டுகொள்ளாதது போல இருந்தேன். பிலோமினாவிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் பின்மூலை வயலின் கேட்க ஆரம்பித்தது.

மற்றவையும் கூட வந்தன. குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தரை ஒருபக்கமாகச் சாயும். ஒருமுறை தொட்டியில் போய் விழுந்தேன். விளக்கு இல்லாத இடத்தில் நேராக நடக்க முடியவில்லை. குடித்துவிட்டு வருகிறேன் என்று தெருவில் ஒருவர் பிலோமினாவிடம் வந்து வருத்தப்பட்டிருக்கிறார். "குடிச்சாலாவது செலவுக்கு ஒரு காரணம் இருக்கும்," என்று அவள் அவரை அனுப்பி வைத்தாள்.

ஒருநாள் காலை அவளுடைய வளையலைப் பற்றவைக்கத் தட்டார் தெருவான ஜாலான் துக்காங் எமாஸுக்குப் போனோம். பட்டறையில் தட்டான் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். சுத்தியல் ஏறியது, இறங்கியது. சத்தம் இல்லை. துணியில் தட்டுகிறார் போல என்று குனிந்து பார்த்தேன், இரும்பின்மேல்தான் தட்டினார். அதே தெருவில் பிள்ளையார் கோவிலில் பூசை நடந்தது. ஐயர் கைமணியை ஆட்டுவது வாசலிலிருந்தே தெரிந்தது. மணி ஆடியது; நாக்கு ஆடியது; எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளியிருந்த பள்ளிவாசலில் முரசு அதிர்ந்தபோது மட்டும் அது வயிற்றிலேயே கேட்டது.

நான் கோவில் வாசலில் அசையாமல் நின்றுவிட்டேன். பிலோமினா என் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, கிறிஸ்தவன் பிள்ளையார் கோவில் வாசல்ல இப்படி மலைச்சுப் போய் நின்னா ஊரு என்ன பேசும்?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய சிரிப்பு நின்றுபோனது.

உச்சத்து ஒலிகள் முதலில் போகின்றன என்று டாக்டர் சொன்னார். உடல் சமநிலையையும் கேட்கும் சக்தியையும் ஒரே நரம்புதான் மூளைக்குக் கொண்டுபோகிறது. செவி நரம்பு என்று பெயர். ஊசி மருந்து சிலருக்கு அதைத் தின்றுவிடும்.

"அந்த வயலின்?" என்று கேட்டேன். முதல்முறையாக ஒரு மனிதரிடம் அதைச் சொல்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. "என்ன வாசிக்குது எண்டு சொல்லுங்கோ."

"நாங்க வாசிக்கிறதையேதான். கொஞ்சம் பிந்தி."

"இது பைத்தியம் இல்லை. பயப்படாதேங்கோ. காதிலயிருந்து சேதி வராட்டி மூளை சும்மா இருக்காது. தனக்குத் தெரிஞ்சதைத் தானே வாசிக்கும்." இது டின்னிடஸ் (வெளியே ஒலி இல்லாமலே காதில் கேட்கும் இரைச்சல்) வகையின் ஒரு தூரத்து உறவு என்றார். சிலருக்கு வண்டு ரீங்காரம், சிலருக்கு மழை, மிகச் சிலருக்குப் பாட்டு.

"ஊசியை நிறுத்திட்டா?"

"நிப்பாட்டினா நோய் திரும்பி வரும். திரும்பி வந்தா இதே மருந்துக்கு அது மசியாது."

"நிறுத்தலேன்னா?"

"காது போகும். எவ்வளவு போகும், எப்ப போகும் எண்டு என்னால சொல்லேலாது. வேற மருந்தை மட்டும் வச்சுப் பாக்கலாம். ஆனா உங்கட ஓட்டை இன்னும் மூடேல்லை."

கச்சேரி முடியும்வரை மட்டும் ஊசியைத் தள்ளிப்போட்டால் என்ன என்று கேட்டேன். வாதாடினேன் என்று சொல்வதே சரி. எனக்கு ஐம்பது வயது ஆகிறது. நாடு ஒருமுறைதான் சுதந்திரம் அடையும். காது இல்லாத இசைநடத்துநர் வாய் இல்லாத வக்கீல். இப்படி என்னென்னவோ சொன்னேன். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிலோமினா கைப்பையை மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அவள் பேசினாள்.

"டாக்டர், ஊசியப் போடுங்க. எனக்கு இவரு வேணும். காது இருந்து ஆளு இல்லேன்னா நான் யாருகிட்ட சண்டை போடறது?"

திரும்பிவரும்போது பேச்சா என்கிற மூன்றுசக்கர மிதிவண்டியில் நான் அவளிடம் பேசவில்லை. ஓட்டுபவர் மிதித்துக்கொண்டே இருந்தார். வீட்டு முனை வந்ததும்தான் வாய் திறந்தேன். "காது போனப்புறம் நான் யாரு?"

"அத அப்புறம் பாத்துக்கலாம் லா. மொதல்ல இருங்க."

அவள்மேல் எனக்கு அன்று வந்த கோபத்தை இன்றும் மறக்கவில்லை. அவள் சொன்னதுதான் சரி என்பதும் அன்றே தெரியும். அதனால்தான் அவ்வளவு கோபம்.

ஊசி தொடர்ந்தது. வயலின்களின் உச்சி ஸ்தாயி ஸ்வரங்கள் எனக்கு ஒவ்வொன்றாக அணைந்தன. வில்கள் மேலே போய்க் கீழே வரும். அந்த இடத்தில் ஒலி இருக்காது. புல்லாங்குழல்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருப்பார். செல்லோவும் பெரிய பாஸ் வாத்தியமும் மட்டும் தரை வழியாக வந்தன. மற்றவை தேயத் தேய, மூலை வயலின் தெளிவாகிக்கொண்டே வந்தது. அது தேயவே இல்லை. வில் திரும்பும்போது வரும் சிறு உரசல்கூடக் கேட்கும்.

அது நல்ல வாசிப்பு. இதை ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது. மெதுவான பகுதியில், வரி இறங்குவதற்கு முன் அது கொஞ்சம் தயங்கும். தயங்கிவிட்டு, வழுக்குவது போல இறங்கும். என் கண்முன் இருந்த வயலின்காரர்கள் எவரும் அவ்வளவு அழகாக வாசிக்கவில்லை.

தள்ளாட்டம் அதிகமானதால் ஒத்திகைக்கு பிலோமினா துணைக்கு வர ஆரம்பித்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இசை தெரியாது. சத்தம் நின்றால் பாட்டு முடிந்தது என்று எழுந்துவிடுவாள். முதல்நாள் நாங்கள் மலாய் மெட்டை முழுதாக வாசித்து முடித்ததும், அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். என் முகத்துக்கு நேராக நின்று பேசினாள். அப்போதே எனக்கு உதடு பார்த்துப் பேச்சு புரியத் தொடங்கியிருந்தது.

"என்னங்க, நீங்க எல்லாரும் யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"என்னது?"

"நடுவுல நடுவுல நிக்கிறீங்களே. யாரோ பின்னால வர்ற மாதிரி. அவங்க வந்து சேந்தப்புறம் கெளம்பற மாதிரி."

நான் குச்சியைக் கீழே வைத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. வாசிப்பவன் பக்கத்து ஆளின் ஓசையைப் பின்பற்றக் கூடாது. நடத்துபவனின் கையைப் பின்பற்ற வேண்டும். பெரிய குழுவில் ஓசை வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். கை பொய் சொல்லாது. இந்த விதியைப் பல வருடம் அவர்கள் தலையில் குட்டிக் குட்டி ஏற்றியவன் நான். "காதை நம்பாதே, கையைப் பார்" என்று நான் கத்துவது பக்கத்துத் தெருவரை பிரசித்தம். அதை அவர்கள் அப்படியே செய்துகொண்டிருந்தார்கள். நான் அந்த வயலினுக்காகக் கையைத் தாமதித்திருக்கிறேன். என் கை நின்ற இடத்தில் அத்தனை பேரும் நின்றிருக்கிறார்கள். தபால் ஆபீஸ் குமாஸ்தாக்களும், ஆசிரியர்களும், பழைய போலீஸ் பேண்ட்காரர்களும், இல்லாத ஒருவன் தன் வரியை முடிக்கட்டும் என்று வில்லைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்திருக்கிறார்கள்.

ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். புதிய பாணி என்று நினைத்தோம் என்றார் ஒருவர். மற்றவர்கள் வாத்தியங்களைத் துடைக்கத் தொடங்கினார்கள்.

எல்லாரும் போன பிறகு ரெத்னம் வந்தார். அவருடைய மலாயை நான் தமிழில் எழுதுகிறேன். பெரிய எழுத்தாக உதட்டை அசைத்து மெதுவாகச் சொன்னார்.

"எனக்குத் தெரியும் மாஸ்டர். நீங்கள் அந்த மூலையைப் பார்ப்பதை நான் பார்த்தேன். எங்கள் வீடுகளில் பார்ச்சு கும்பிடுவோம். செத்தவர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு வைத்து, விளக்கேற்றிவிட்டு, நாங்கள் எல்லாரும் வெளியே போய் நிற்போம். அவர்கள் வந்து சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் யாரும் அவசரப்படுத்த மாட்டோம். எட்டியும் பார்க்க மாட்டோம். உங்களுக்கு யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதனால் பேசாமல் இருந்தேன்."

பிறகு குரலைத் தாழ்த்தியிருப்பார் போல. உதடு மட்டும் அசைந்தது. "சியாப்பா டியா?"

அது யார் என்கிறார். எனக்குத் தெரியாது என்றேன். அப்போது அது உண்மை.

தெரிந்தது சில நாள் கழித்து, ஒரு மதியம். ஊசி போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் படுத்திருந்தேன். பிலோமினா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூலை வயலின் வாசித்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அது ஒத்திகைக்காகக் காத்திருப்பதில்லை. நினைத்த நேரத்தில் வந்துவிடும். அவள் என் தோளைத் தொட்டு, என் இடது கையைக் காட்டினாள்.

விரல்கள் விரிப்பின்மேல் அசைந்துகொண்டிருந்தன. நான் அசைக்கவில்லை. சுட்டுவிரல் அழுந்தியது, மோதிரவிரல் நகர்ந்தது, வரி இறங்கும் இடத்தில் விரல் தயங்கி, வழுக்கி, கீழே வந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் விரல் பட்ட பிறகுதான் கேட்டது.

படம் பேசாத காலத்தில், சினிமாக் கொட்டகைத் திரைக்கு முன்னால் இருட்டில் உட்கார்ந்து வயலின் வாசித்தவன் நான். அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். அந்தத் தயக்கத்துக்காகக் கொட்டகை மேனேஜரிடம் தினமும் வசவு வாங்கினேன். கதாநாயகி செத்து விழுந்த பிறகுதான் என் சோகம் வந்து சேரும் என்பார். பிறகு குச்சியைக் கையில் எடுத்தேன், வயலினைப் பெட்டியில் வைத்தேன். அந்த இருபது வயதுக்காரனை நான் மறந்தே போனேன்.

அவனை அடையாளம் கண்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயமாக இருந்தது. என் கை என்னுடையதாக இல்லை. கையைத் தலையணைக்கு அடியில் திணித்துக்கொண்டேன். அங்கேயும் அது அசைந்தது.

அடுத்த ஒத்திகையில் ரெத்னத்திடம் சொன்னேன். அவர் வில்லைக் கீழே வைத்தார். "மாஸ்டர், உயிரோடு இருப்பவர்களுக்கு நாங்கள் இலை போடுவதில்லையே," என்றார். அதற்குப் பிறகு அவர் என் நிழலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடப்பதைக் கவனித்தேன்.

கச்சேரி நெருங்கிக்கொண்டிருந்தது. விலகிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். ஆனால் அதுதான் என் கடைசிக் கச்சேரி என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. குழுவைக் கூட்டி, வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். "இனிமே என் கையைப் பாக்காதீங்க. ரெத்னத்தோட வில்லைப் பாருங்க. நான் சும்மா நிப்பேன்."

"சாயா தாக் பெரானி, மாஸ்டர்," என்றார் ரெத்னம். தைரியம் இல்லை என்றார். ஆனாலும் செய்தார்.

நான் கையை மடக்கிக்கொண்டு நின்றேன். ரெத்னம் நடத்தினார். பிலோமினா கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். அவள் தலையை ஆட்டியதிலேயே புரிந்தது. அதே இடங்களில் இன்னும் நிற்கிறார்கள். ரெத்னத்தின் முகம் வியர்த்திருந்தது. "நான் நிற்கவில்லை மாஸ்டர். வில் தானாக நிற்கிறது," என்றார். அந்த வயலினின் பழக்கம் அவர்கள் எல்லாருடைய கைக்கும் தொற்றிவிட்டிருந்தது. காசத்தைப் பரப்பிவிடுவேனோ என்று பயந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள்; தொற்றியது இது.

கச்சேரியன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் புதுக் கொடி. ஆண்கள் கழுத்துப்பட்டையோடும் சொங்கோக் தொப்பியோடும் வேட்டியோடும் வந்தார்கள். செட்டிப் பெண்கள் கெபாயா என்ற மலாய்ச் சட்டை உடுத்தியிருந்தார்கள். எல்லாருக்கும் முகம் மலர்ந்திருந்தது. நான் மேடைப் பலகையில் ஏறும்போது ரெத்னம் என் முழங்கையைத் தாங்கினார். மேலே நின்றதும் காலை அகட்டிக்கொண்டேன். கண்ணை மட்டும் மூடிவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன்.

கையை உயர்த்தினேன். அவர்கள் ரெத்னத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பல வருடப் பழக்கம் ஒரு வாரத்தில் போகுமா? அத்தனை கண்களும் என் கைக்கு வந்தன.

வாசித்தோம். எனக்குக் கேட்டது தரையின் உறுமலும், அவனும் மட்டுமே. வில்கள் ஓசையில்லாமல் ஏறி இறங்கின. எங்கே என் கையும் எங்கே அவர்கள் ஓசையும் பிரிகின்றன என்று எனக்குத் தெரியாது. அவனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவன் தயங்கிய இடத்தில் தயங்கினேன். வேறு வழி இல்லை. பிடித்துக்கொள்ள வேறு எதுவும் மிச்சமில்லை.

கடைசி வரி. வில்கள் நின்றதைக் கண்டேன். தரை அடங்கியது. அவன் இன்னும் முடிக்கவில்லை.

இசைநடத்துநரின் கை இறங்கும்வரை பாட்டு முடிந்ததாகாது. வாசிப்பவர்கள் வில்லைக் கீழே வைக்கமாட்டார்கள். சபையும் கை தட்டாது. அது எங்கள் வழக்கம். நான் கையை இறக்கியிருக்கலாம். கண்ணுக்குத்தான் எல்லாம் தெரிகிறதே. ஆனால் இத்தனை நாள் என்னோடு வந்தவனை நடுவரியில் வெட்டிவிட மனம் வரவில்லை. அவன் முடிக்கட்டும் என்று நின்றேன். முழு மண்டபமும் என்னோடு நின்றது. விசிறிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. வாசலில் பலூன் வைத்திருந்த குழந்தை வாயைத் திறந்தபடி நின்றது. ரெத்னத்தின் வில் நரம்புக்கு மேலே தனியாக, ஒரு விரல் உயரத்தில் நின்றது. அதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அவன் இறங்கினான், வழுக்கினான், முடித்தான். நான் கையைக் கீழே விட்டேன். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். உள்ளங்கைகள் மோதுவது தெரிந்தது.

ஆட்கள் வந்து கைகுலுக்கினார்கள். கெபாயா உடுத்திய ஒரு பெண்மணி, ரெத்னத்தின் அக்கா என்று பிறகு தெரிந்தது, என் முன்னால் நின்று ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. பிலோமினா அவரிடம் மறுபடி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் நிறுத்தினப்புறம் ஒருத்தர் தனியா வாசிச்சு முடிச்சாரே, அவரு யாருன்னு கேக்கறாங்க."

நான் ரெத்னத்தைப் பார்த்தேன். அவர் வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவ்வளவு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் யாராவது ஒருவருக்கு ஏதாவது கேட்கத்தான் செய்யும் என்றார். இருக்கலாம்.

ஊசிகள் முடிந்தன. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருந்த இடத்தில் தழும்பு மட்டும் இருப்பதைக் காட்டினார். எப்போதும் போல அதே குரலில் பேசியிருப்பார். எனக்குக் கேட்கவில்லை. பிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்துத்தான் நான் பிழைத்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன்.

ஆர்க்கெஸ்ட்ராவை இப்போது ரெத்னம் நடத்துகிறார். நான் போவதில்லை. ஓசையில்லாத வில்களைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அதைச் சொல்வதில் வெட்கமும் இல்லை.

உங்களில் யாருக்காவது என் நிலை என்றால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். குளியலறையில் விளக்கைப் போட்டு வையுங்கள். சுவரைத் தொட்டு நடப்பது கேவலம் இல்லை. பேசுபவரின் வாயில் வெளிச்சம் படும்படி உட்காருங்கள். காதில் என்ன கேட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களிடம் கோபப்படுவீர்கள். அவர்கள் தாங்கிக்கொள்வார்கள், ஆனால் அதற்காகத் தொடர்ந்து கோபப்படாதீர்கள்.

நாடு விடுதலை பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. அவன் இன்னும் வாசிக்கிறான். முன்பு நான் அறிந்ததை எல்லாம் வாசித்தான். இப்போது கொஞ்ச காலமாக வேறு ஒன்று வருகிறது. நீளமான, மெதுவான மெட்டு. அதை நான் எங்கும் கற்கவில்லை, கேட்கவில்லை. ரெத்னம் வந்திருந்தபோது வாயால் முனகிக் காட்டினேன். அவர் அதைத் தன் வயலினில் வாசித்தார். நான் மரத்தின்மேல் விரலை வைத்துச் சரிதான் என்று தலையாட்டினேன். அவருக்கும் அது என்ன என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு என்ன என்று கண்ணாலேயே கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். அது முழுதாக வருவதில்லை. காலையில் கண் விழிக்கும்போது நேற்று விட்ட இடத்திலிருந்து சில ஸ்வரங்கள் நகர்ந்திருக்கும். இப்போதெல்லாம் என் நாள் என்பது அவ்வளவுதான். கடிகாரத்தை நான் பார்ப்பதில்லை.

நேற்று பிலோமினா காப்பியைக் கொண்டுவந்து, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். என் இடது கை முழங்காலில் அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"அந்தப் பாட்டு எப்போ முடியும்?" என்றாள்.

"தெரியல. முடிவுகிட்ட வர்ற மாதிரி இருக்கு."

அவள் காப்பியைக் கீழே வைத்தாள். பிறகு என் அசையும் விரல்களின் மேல் தன் கையை வைத்தாள்.

"அவன இன்னும் மெதுவா வாசிக்கச் சொல்லுங்க."

நான் வலது கையை உயர்த்தினேன். குச்சி இல்லாமல், வெறும் கையால், மெதுவாக என்று காட்டினேன். ஒரு வாழ்நாள் முழுக்க என் கையைப் பார்க்காதவன் அவன். நேற்று பார்த்தான்.